கொல்லன் மகன் கண்ட விதிவிலக்கு

பழைய கார் ஒன்றின் எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டருக்குச் சுடுநீர் செல்லும் மேல்குழாய் புறப்படும் இடத்துக்கு அருகில், சிலிண்டர் ஹெட்டில், கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளைத் துண்டு திருகப்பட்டிருக்கும். அதன் தலையில் ஒரே ஒரு ஒயர். டெம்பரேச்சர் மீட்டரின் சென்சார் அதுதான். அந்தப் பித்தளைக் கூட்டுக்குள் சட்டைப் பொத்தானைப் போன்ற ஒரு கறுப்பு வில்லை அடங்கியிருக்கிறது. எஞ்சின் நீர் சூடேற ஏற அந்த வில்லை மின்சாரத்துக்கு மேலும் மேலும் வழிவிடும். ஓட்டுநருக்கு எதிரே உள்ள முள் அதற்கேற்ப ஏறும். இவ்விதம் சூட்டில் மின்தடை குறையும் பொருள் ஒன்று உண்டு என்பதை உலகில் முதன்முதலாகக் கண்டு எழுதி வைத்தவர் மைக்கேல் ஃபாரடே. ஆண்டு 1833. கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886-இல். வண்டி பிறப்பதற்கு ஐம்பத்து மூன்று ஆண்டுகள் முன்பே அதன் காய்ச்சலைப் பார்க்கும் வழி ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டுவிட்டது. எழுதியபோது அதனால் யாருக்கும் ஒரு காசு பயனில்லை.

ஃபாரடேயின் பெயர் நம் மாணவர்க்குப் புதிதன்று. மின்தூண்டல் விதியும், மின்பகுப்பு விதிகளும் தேர்வுக்குத் தேர்வு வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆயினும் வெள்ளி சல்ஃபைடு பற்றிய செய்தி பாடநூல்களில் அரை வரிக்கு மேல் இடம் பெறுவதில்லை. அந்த அரை வரியை மனத்தில் வைத்துக்கொண்டே அப்பெரியாரின் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன். விதிகளைக் கண்டவர் என்று அவரைப் போற்றுகிறோம். என் கணிப்பில், விதிக்கு அடங்காத ஒன்று கண்ணில் பட்டபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதில்தான் அந்த மனிதர் முழுமையாகத் தெரிகிறார்.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22-ஆம் நாள், இலண்டனின் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். உடல்நலம் குன்றியவராதலால் பல நாட்கள் உலைக்களத்துக்குப் போகவே இயலவில்லை. நான்கு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாமவர். 1801-இல் தானிய விலை ஏறியிருந்த காலத்தில் ஒரு ரொட்டியை அவர் கையில் கொடுத்து, ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்பது அவர் வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் வரும் செய்தி. எழுதப் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளி முடிந்தது. குடும்பம் சாண்டிமேனியன் என்னும் சிறிய கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தது. செல்வம் சேர்ப்பதை நல்லதென்று கருதாத கூட்டம் அது. இந்த ஒழுக்கம் கடைசி வரையில் அவருடன் வந்தது.

பதின்மூன்றாம் வயதில் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அங்கே வாடகைக்கு விடும் செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கி வருவது வேலை. ஓராண்டு கழித்து, 1805-இல், புத்தகம் கட்டும் தொழிலில் ஏழாண்டுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். வழக்கமான பயிற்சிக் கட்டணத்தை ரீபோ வாங்கவில்லை. பையனின் நாணயத்துக்கு அது பரிசு. கடைக்குக் கட்ட வந்த புத்தகங்களைப் பையன் கட்டினான், கட்டியதைப் படித்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அவர் கண்களைத் திறந்தன. படித்ததை அப்படியே நம்பிவிடும் வழக்கம் மட்டும் இல்லை. கையிலிருந்த சில பென்னிகளில் பொருள் வாங்கி, மின்பொறியும் சிறு மின்கலமும் செய்து, நூலில் சொன்னது உண்மைதானா என்று பார்த்தார். நூலகப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுவதோடு நின்றுவிடும் நம் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

1810-இல் தந்தை இறந்தார். அதே ஆண்டில், கொல்லுலையில் பாடுபட்ட அண்ணன் ராபர்ட் கொடுத்த ஒரு ஷில்லிங்கில், டாட்டம் என்பவர் தம் வீட்டில் நடத்திய மாலைச் சொற்பொழிவுகளுக்குப் போகத் தொடங்கினார். பின்னர் 1812-இல், ரீபோவின் வாடிக்கையாளரான வில்லியம் டான்ஸ் என்ற இசைக் கலைஞர், ஆல்பெமார்ல் தெருவிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றும் பேருரைகளுக்கு நுழைவுச் சீட்டு வாங்கித் தந்தார். டேவி அன்று ஐரோப்பா முழுதும் புகழ் பெற்ற வேதியியல் அறிஞர். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்தவர். மேல்மாடத்தில் அமர்ந்து நான்கு உரைகளையும் கேட்ட இளைஞர், அவற்றைப் படங்களுடன் விரிவாக எழுதி, தம் கையாலேயே அழகாகக் கட்டி, அவ்வாண்டு இறுதியில் டேவிக்கு அனுப்பி வைத்தார். வேலை கேட்ட விண்ணப்பமும் உடன் சென்றது. அதற்கு முன்பு ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. டேவியிடமிருந்து பதில் வந்தது. நேரில் அழைத்துப் பேசினார். ஆனால் அறிவியல் சோறு போடாது, புத்தகம் கட்டும் தொழிலையே விடாமல் பிடித்துக்கொள் என்ற கருத்தில் அறிவுரை கூறி அனுப்பிவிட்டார்.

வாய்ப்பு ஒரு கைகலப்பால் வந்தது. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் அங்கேயே கருவி செய்பவருடன் அடிதடியில் இறங்க, அவர் வேலை போயிற்று. 1813 மார்ச் 1-ஆம் நாள் ஃபாரடே அந்த இடத்தில் அமர்ந்தார். வாரத்துக்கு 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறைகள், மெழுகுவத்தி, விறகு. புத்தகத் தொழிலில் கிடைக்கக்கூடியதைவிட இது பெரிய வாழ்வன்று.

அவ்வாண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியுடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். நெப்போலியனுடன் போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரெஞ்சு அரசு சிறப்பு அனுமதி தந்திருந்தது. டேவியின் பணியாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிடவே, அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும்படி ஃபாரடே கேட்டுக்கொள்ளப்பட்டார். ஒன்றரை ஆண்டுப் பயணத்தில் ஆம்பியரையும் வோல்டாவையும் கண்டார். ஃபிளாரன்ஸ் நகரில் பெரிய குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்து, அதுவும் கரியே என்று டேவி காட்டியபோது உடன் நின்றார். அதே சமயம் டேவியின் மனைவி அவரை வேலைக்காரர்களோடு வேலைக்காரராகவே நடத்தினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அந்தத் துன்பம் இருந்தது. ஆயினும் பல்கலைக்கழகத்தில் கால் வைக்காத ஒருவருக்குக் கிடைத்த பல்கலைக்கழகம் அந்தப் பயணமே. கற்பித்த ஆசிரியர் டேவியே. இந்த ஆசிரியர்-மாணவர் உறவு பின்னர் கசந்தது என்பதால், இந்தக் கடனை நாம் மறைக்கலாகாது. ஃபாரடேயும் மறைக்கவில்லை.

1821 ஜூன் 12-இல் சாரா பர்னார்டு என்ற தம் சபைப் பெண்ணை மணந்தார். ராயல் இன்ஸ்டிடியூஷனின் மாடியறைகளே அவர்கள் இல்லம். மக்கட்பேறு இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில், பாதரசக் கிண்ணத்தில் தொங்கிய கம்பி காந்தத்தைச் சுற்றி வட்டமிட்டதைக் கண்டார். மின்னாற்றல் இயக்கமாக மாறிய முதல் கருவி அது. இன்று காரின் வைப்பரை ஆட்டும் மோட்டாருக்கும் அதுவே மூதாதை. ஆனால் மகிழ்ச்சி சில நாட்களே நீடித்தது. வொல்லஸ்டன் என்ற மூத்த அறிஞரின் எண்ணத்தை எடுத்துக்கொண்டார் என்ற பழி எழுந்தது. 1823-இல் குளோரின் வாயுவைத் திரவமாக்கியபோது அதில் பெரும்பங்கு தமதென்று டேவி எழுதினார். அந்தச் சோதனைகளில் குழாய்கள் வெடித்துக் கண்ணில் கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்தது என்னவோ மாணவருக்குத்தான். 1824-இல் ராயல் சொசைட்டிக்கு ஃபாரடேயின் பெயர் வந்தபோது, தலைவராக இருந்த டேவி எதிர்த்தார். ஒரே ஒரு எதிர்வாக்குடன் ஃபாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். டேவி 1829-இல் ஜெனீவாவில் காலமானார். மாணவர் தம் ஆசிரியரைப் பற்றி வெளியில் இழிவாகப் பேசியதாக எங்கும் காணோம். டேவியின் உரைகளை எழுதிக் கட்டிய அந்தப் பழைய ஏடு பின்னாளில் அவரிடமே திரும்பி வந்தது. அதை அவர் போற்றி வைத்திருந்தார்.

1831 ஆகஸ்ட் 29-ஆம் நாள், ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையத்தின் இருபுறமும் கம்பிச் சுருளைச் சுற்றி, ஒரு சுருளில் மின்சாரத்தை விட்டு நிறுத்தியபோது மறு சுருளில் முள் துள்ளியது. டைனமோ, டிரான்ஸ்ஃபார்மர், காரில் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் எல்லாம் இவ்வளையத்தின் வழித்தோன்றல்கள். இதைப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை. வகுப்பில் எழுதிப் போட்டுக் கை வலித்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது 1833-ஆம் ஆண்டின் தொடக்கத்தைப் பற்றி. அந்தக் குளிர்காலத்தில் ஃபாரடே பொருள்களின் ஊடே மின்சாரம் எவ்வாறு செல்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நீர் மின்சாரத்தைக் கடத்தும். அதுவே உறைந்து பனிக்கட்டியானால், மெல்லிய ஏடாயினும், மின்கலத்தின் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. இது அவரை வியப்பில் ஆழ்த்தியது. ஈயக் குளோரைடு முதலிய பல உப்புக்களை எடுத்துப் பார்த்தார். திண்மமாக இருக்கும் வரையில் அடம்பிடித்தவை, உருகியதும் மின்சாரத்தைக் கடத்தின. கடத்தும்போதே சிதையவும் செய்தன. புதியதொரு விதி கைக்கு வந்துவிட்டது. திண்மத்தில் கடத்தாது, திரவத்தில் கடத்தும். ஓர் ஆய்வாளனுக்கு இதைவிட இனிய கட்டம் வேறில்லை. எந்தப் பொருளை எடுத்தாலும் தன் விதி சரியென்று தலையாட்டிக்கொண்டே வரும் கட்டம் அது. பெரும்பாலோர் சறுக்குவதும் அங்கேதான்.

அப்போது வெள்ளி சல்ஃபைடு வந்தது. பழைய வெள்ளிப் பாத்திரத்தில் கறுப்பாகப் படியுமே, அதே பொருள். அதை இரண்டு பிளாட்டினப் பரப்புகளுக்கிடையே வைத்து, இருபது இணைத் தகடுகள் கொண்ட மின்கலத்தோடும் கால்வனாமீட்டரோடும் இணைத்தார். குளிர்ந்திருந்தபோது மின்சாரம் மிகச் சிறிதே சென்றது. பிளாட்டின முனைகளை விரலால் அழுத்திப் பிடித்தார். விரலின் வெதுவெதுப்பு ஏறிய மாத்திரத்தில் முள் சற்று ஏறியது! அடியில் விளக்கை வைத்தார். முள் விரைந்து ஏறி, ஒரு கட்டத்தில் துள்ளிச் சென்று நிலையாக நின்றுவிட்டது. அந்தக் கறுப்புப் பொருள் உலோகத்தைப் போலவே மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருந்தது. ஆனால் உருகவில்லை; திண்மமாகவே இருந்தது. விளக்கை எடுத்தார். முள் நடுங்கி, மெள்ள மெள்ள இறங்கி, பழைய இடத்துக்கு வந்தது.

இதன் விபரீதத்தை உணர வேண்டுமானால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உலோகத்தைச் சூடாக்கினால் அதன் கடத்தும் திறன் குறையும் என்று 1821-இல் ஆராய்ந்து நிறுவியவர் வேறு யாருமல்லர், டேவிதான். இங்கே திண்மப் பொருள் ஒன்று, உலோகத்துக்கு நிகராகக் கடத்திக்கொண்டே, ஆசிரியரின் விதிக்கு நேர் எதிராக நடக்கிறது. திண்மம் கடத்தாது என்ற தம் சொந்தப் புது விதிக்கும் அது இடைஞ்சல். சோதனைப் பொருளில் அழுக்கு கலந்திருக்கும் என்று சொல்லி ஒதுக்கியிருக்கலாம். ஃபாரடே அதைச் செய்யவில்லை. அவ்வாண்டு ராயல் சொசைட்டிக்கு அளித்த ஆய்வுரையில், தம் விதியை விளக்கும் அதே பக்கங்களில், இந்த விதிவிலக்கையும் ஒளிக்காமல் எழுதினார். உலோகங்களுக்கு எதிராக, ஆறும்போது கடத்தும் திறனை இழக்கும் வேறு பொருளைத் தாம் அறியவில்லை என்றும், தேடினால் பல கிடைக்கக்கூடும் என்றும் குறித்தார். அவ்வளவே. காரணம் சொல்ல முயலவில்லை. சொல்லியிருந்தால் அது கற்பனையாகத்தான் இருந்திருக்கும். எலக்ட்ரான் கண்டறியப்பட இன்னும் அறுபத்து நான்கு ஆண்டுகள் இருந்தன.

இந்தச் சோதனையை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருந்தும், அதன் உயிர்நிலை எனக்கு விளங்கியது ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில்தான். என் தந்தையார் விட்டுச் சென்ற பழைய கார் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. கோடை விடுமுறையில் ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பிவிட்டது. மீட்டரின் முள்ளோ குளிர்ந்த பக்கத்திலேயே சாவதானமாகப் படுத்திருந்தது. எஞ்சின் முற்றிலும் ஆறும் வரை ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகு மூடியைத் திறந்து நீர் ஊற்றி ஊர் வந்து சேர்ந்தோம். ஹெட் வளைந்துபோகாமல் தப்பியது தெய்வாதீனம்.

எங்கள் ஊர் மெக்கானிக் அனுபவசாலி. முதலில் சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு, ஒயரின் முனையை ஒரு நொடி மட்டும் எஞ்சினில் தொட்டுப் பார்த்தார். முள் எழுந்தது. மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, குற்றம் சென்சாரில்தான் என்று முடிவு கட்டினார். கழற்றியபோது காரணம் தெரிந்தது. முன்பு வேறொரு ஒர்க்‌ஷாப்பில் நீர் கசியக்கூடாது என்று மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார்கள். இந்தச் சென்சாருக்கு ஒயர் ஒன்றுதான். மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி அதன் பித்தளை மரையும் எஞ்சினின் இரும்பும்தான். அந்த எர்த் கெட்டால் மின்தடை கூடியதாகவே மீட்டர் எடுத்துக்கொள்ளும், முள் இறங்கிவிடும். வில்லையும் பழுதாகித்தான் இருந்தது. ஒயர் அறுந்தாலும் கதை இதுவே. எஞ்சின் கொதிக்கும், மீட்டர் குளிர்ச்சி என்று பொய் சொல்லும். பழைய கார் வைத்திருப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஆபத்து இது. முள் அசையவே இல்லையென்றால் நிம்மதி கொள்ளலாகாது.

புதிய சென்சாரை மாட்டுமுன் அவரும் நானும் ஒரு சோதனை செய்தோம். பாத்திரத்தில் நீரை வைத்து, அதில் சென்சாரின் நுனியைத் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதன் தலையிலும் மறு முனையை அதன் பித்தளை உடம்பிலும் வைத்து, அடுப்பை மூட்டினோம். தண்ணீர் ஆறியிருந்தபோது சில நூறு ஓம் காட்டிய மின்தடை, கொதிநிலையில் சில பத்து ஓமுக்கு வந்துவிட்டது. மெக்கானிக் கேட்டார்: காயில் சூடானால் தடை ஏறுகிறது, பல்ப் சூடானால் தடை ஏறுகிறது, இது மட்டும் ஏன் சார் தலைகீழாகப் போகிறது என்று. சரியாக அதே வியப்பு! அந்தப் பாத்திரத்தின் முன்னால் நின்றுகொண்டுதான் ஃபாரடேயின் விளக்கையும் விரல் சூட்டையும் அவருக்குச் சொன்னேன். புத்தகம் கட்டியவர் என்றதும் அவர் முகத்தில் ஒரு நெருக்கம் தெரிந்தது.

பிறகு அவர் மாட்டிய முறையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்கேனும் பயன்படும். எஞ்சின் முழுதும் ஆறிய பின்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹெட்டின் மட்டத்துக்குக் கீழே வரும் வரையில் நீரை இறக்கினார். துளையின் மரையைத் துருப் போகத் துடைத்தார். புதுச் செப்பு வாஷர் போட்டு, முதலில் கையாலேயே சில சுற்று திருகினார். மரை ஒத்து வருகிறதா என்று கைதான் சொல்லும், ஸ்பானர் சொல்லாது என்றார். அதன்பின் ஸ்பானரால் அளவோடு இறுக்கினார். டேப் கிடையாது. நீரை நிரப்பி, மூடி போடாமலேயே சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினார். சென்சாரைச் சுற்றிக் காற்று தங்கிவிட்டால் அது நீரின் சூட்டைக் காட்டாது. இன்னொன்று: மரை ஒத்திருந்தால் போதாது, மீட்டரும் சென்சாரும் ஒன்றுக்கொன்று பொருத்தமான ஓம் அளவு கொண்டவையாக இருக்க வேண்டும். இல்லாவிடில் எல்லாம் நன்றாக மாட்டியும் முள் தப்பாகவே காட்டும். பல பழைய பிரிட்டிஷ் கார்களில் மீட்டருக்குச் செல்லும் மின்னழுத்தத்தை 10 வோல்ட் அளவில் நிறுத்தி வைக்க ஒரு சிறு ஸ்டெபிலைசரும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அது கெட்டால் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து பொய் சொல்லும்.

தலைகீழ் ஏன் என்பதற்கு விடை ஏறக்குறைய நூறாண்டு கழித்தே வந்தது. உலோகத்தில் மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே ஏராளமாக அலைந்துகொண்டிருக்கின்றன. சூடேற்றினால் அணுக்களின் அதிர்வு மிகுந்து அவற்றின் ஓட்டத்துக்கு இடையூறு செய்கிறது, தடை ஏறுகிறது. குறைகடத்திகளிலோ பெரும்பாலான எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கின்றன. வெப்பம் அவற்றைக் கட்டவிழ்க்கிறது, தடை சரிகிறது. 1931-இல் ஏ. எச். வில்சன் என்ற ஆங்கிலேயர் இதைக் குவாண்டம் கொள்கை வழி விளக்கினார். வெள்ளி சல்ஃபைடு இதில் சற்று கலப்பான ஆள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதில் எலக்ட்ரான்களோடு வெள்ளி அயனிகளும் நகர்கின்றன. சுமார் 180 டிகிரி செல்சியஸ் அருகில் அதன் படிக அமைப்பே மாறிவிடுகிறது. ஃபாரடேயின் முள் திடீரெனத் துள்ளி நின்றதே, அது இந்த மாற்றமாக இருக்கலாம் என்பது என் கருத்து. அவர் பார்த்ததை எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருந்தால், இத்தனை காலம் கழித்து நாம் இவ்வாறு ஊகிக்க முடிகிறது!

தெர்மிஸ்டர் என்று இன்று வழங்கும் இந்தச் சாதனத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான சாமுவேல் ரூபன், ஆண்டு 1930. பின்னர் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் முதலிய உலோக ஆக்சைடுகளைக் கலந்து சுட்டெடுத்த வில்லைகள் பரவலாயின. 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்றினால் செப்புக் கம்பியின் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கூடுகிறது. இந்த வில்லையின் தடையோ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. காரின் முள்ளை அசைக்க இந்தப் பெரிய மாற்றமே வசதி. தேடினால் பல கிடைக்கக்கூடும் என்று 1833-இல் எழுதியது இவ்வாறு பலித்தது.

இனி மீண்டும் ஆல்பெமார்ல் தெருவுக்கு வருவோம். 1834-இல் வீவெல் என்ற அறிஞரின் துணையோடு அயனி, ஆனோடு, கேதோடு முதலிய சொற்களை வழக்கில் கொண்டுவந்தார். வெளியாருக்கு இரசாயனப் பகுப்பாய்வு செய்து கொடுத்து ஆண்டுக்கு ஆயிரம் பவுன் அளவில் ஈட்டக்கூடிய நிலை 1830 வாக்கில் இருந்தது. ஆய்வுக்கு நேரம் போதவில்லை என்று அதைக் கைவிட்டார். அவருக்கு உதவியாக நெடுங்காலம் இருந்தவர் ஆண்டர்சன் என்ற முன்னாள் பீரங்கிப் படைச் சார்ஜெண்ட் ஒருவர்தான். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல ஃபாரடே ஒருநாள் மறந்துவிட, அம்மனிதர் விடியும் வரை உலையைத் தணியவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

1839 முதல் தலைச்சுற்றலும் மறதியும் அவரைப் பிடித்துக்கொண்டன. பல ஆண்டுகள் பெரிய ஆய்வு எதுவும் செய்ய முடியவில்லை. மீண்டு வந்து 1845-இல் காந்தப்புலம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புகிறது என்று காட்டினார். கணிதக் குறியீடு ஒன்றும் இல்லாமல் அவர் வரைந்த விசைக்கோடுகளைப் பின்னர் மாக்ஸ்வெல் சமன்பாடுகளாக்கினார். கலங்கரை விளக்கங்களுக்கு அறிவியல் ஆலோசகராக இருந்து, முதுமையிலும் கடலோரக் குளிரில் சென்று பார்வையிட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களைக் கூட்டி ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டே வேதியியல் முழுவதையும் சொன்னார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்றார்.

மறதி நாளடைவில் முற்றியது. செய்து முடித்த சோதனையையே மறந்து மறுபடி தொடங்கும் நிலை வந்தது. ஆனால் அவர் இளமை முதற்கொண்டே தம் நினைவை நம்பாதவர். பார்த்ததை அன்றன்றே எழுதி, 1832 முதல் பத்திக்குப் பத்தி எண்ணிட்டு வந்தார். எண்கள் 16,000-த்தைத் தாண்டின. தோற்ற சோதனைகளும் வென்றவற்றோடு அதே வரிசையில் இடம் பெற்றுள்ளன. 1858-இல் விக்டோரியா அரசி ஹாம்ப்டன் கோர்ட்டில் அவர் தங்குவதற்கு ஒரு வீடு அளித்தார். அங்கே 1867 ஆகஸ்ட் 25-ஆம் நாள், தம் படிப்பறையில் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டும் பொறித்த கல்லின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.

குறிப்பேடுகளை ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு விட்டுச் சென்றிருந்தார். 1932 முதல் 1936 வரையில் அவை 7 தொகுதிகளாக அச்சிடப்பட்டன. வெள்ளி சல்ஃபைடை விளக்கின் மேல் வைத்த 1833 பிப்ரவரி மாதப் பக்கங்கள் இரண்டாவது தொகுதியில் இருக்கின்றன.